பதினான்காம் குப்பி

அரியலூர்
10.2.2025

டாக்டர் அறிவழகன் அவர்களுக்கு,

பெட்டி காலை பஸ்ஸில் வருகிறது. கண்டக்டர் இளையபெருமாளிடம், உள்ளே மைக்ரோஸ்கோப் இருக்கிறது, மேலே எதையும் வைக்க வேண்டாம் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, என் மடியிலயே வச்சு எடுத்துட்டுப் போறேன், போதுங்களா?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்து வாங்கிக்கொள். ஆள் அனுப்பாதே.

ஒரு வாரம் உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். இருவரும் சேர்ந்து வாங்கிய கருவி. அதை இரண்டாக அறுக்க முடியாது.

கூடவே ஐஸ் டப்பாவில் மூன்று குப்பிகள். கோழித் தொடையில் எடுத்த ரத்தக்குழாயை நடுவில் வெட்டி, மறுபடியும் நான் இணைத்தவை. கோவைப் பயிற்சியில் சிவசுப்பிரமணியன் சார் சொன்ன விதி நினைவிருக்கும். தைத்தவர் தன் தையலைத் திறந்து பார்க்கக் கூடாது. கூட்டாளிதான் குழாயை நீளவாக்கில் வெட்டி, உள்பக்கம் பார்த்து, தைத்தவருடைய நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே என் நோட்டு உன்னிடம், உன் நோட்டு என்னிடம். ஆளுக்குக் குறைந்தது பன்னிரண்டு. ஏப்ரல் முப்பதுக்குள் இரண்டு நோட்டும் கோவை போய்ச் சேர வேண்டும். நோட்டில் குறை மிகுந்தவர்களைக் கைத்தேர்வுக்கே கூப்பிட மாட்டார்கள். சாரிடம் மேற்பயிற்சிக்கு இந்த வருடம் இடம் ஒன்றே ஒன்று. அது எனக்கு வேண்டும். உனக்கும் வேண்டும் என்று தெரியும்.

வேறு கூட்டாளியைத் தேடிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இந்த நூலைக் கையில் பிடித்தவர்கள் நாம் இருவர்தான்.

போன் செய்யாதே. கரூர் பஸ் ஸ்டாண்டில் நீ பேசியதற்குப் பிறகு உன் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. எழுது. எழுதும்போதாவது ஒரு வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி யோசிப்பாய்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
17.2.2025

செல்வி,

ஐந்து வருடம் கூடக் குடும்பம் நடத்தியவனுக்கு ‘அவர்களுக்கு’ என்று ஒரு கடிதம். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்ததோ என்று அம்மா பயந்துவிட்டாள். "மருமவ லெட்டர் போட்டிருக்கா" என்றதும், "எப்ப வரான்னு எழுதியிருக்கா?" என்றாள். பெட்டி வந்த செய்தியை மட்டும் சொன்னேன்.

கறிக்கடை அய்யம்பெருமாளுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "தொடை மட்டும், தோலோட, உள்ள கத்தி படாமன்னு கேக்குறீங்க. இது திங்கவா டாக்டரே, ஆராய்ச்சிக்கா?" என்றார். இரண்டுக்கும் என்றேன். வீட்டில் அம்மா, "நீ தைச்ச காலக் கொழம்பு வச்சா நூலு பல்லுல மாட்டாதாடா?" என்கிறாள். தலைமுடியைவிட மெல்லிய நூல் அம்மா, உன் பல்லுக்குத் தெரியவே தெரியாது என்று சமாதானம் சொன்னேன். அவள் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

உன் மூன்று குப்பிகளையும் திறந்தேன். எட்டு எட்டுத் தையல், அளந்து வைத்த மாதிரி இடைவெளி. குழாயின் வெளிப்போர்வையில் ஓர் இழைகூட உள்ளே போகவில்லை. நோட்டில் மூன்றுக்கும் ‘குறை இல்லை’ என்று எழுதிவிட்டேன். எனக்கோ முதல் தையலிலேயே கை ஆடுகிறது. இரண்டு நாள் காபியை நிறுத்திப் பார்த்தேன். கை ஆடுவது நிற்கவில்லை, தலைவலிதான் வந்தது.

கரூரில் சொன்னது பசியில் சொன்னது. விட்டுவிடேன்.

அறிவழகன்


அரியலூர்
24.2.2025

அறிவழகனுக்கு,

பசித்தவன் சோறு கேட்பான். நீ கேட்டது வேறு. பயிற்சியின் கடைசி நாள் சார் என் தையலை எல்லோருக்கும் காட்டி, "இப்படி வரணும்" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். கரூரில் இறங்கியதும், நூறு பேர் நடுவில், "சார் உன் கையப் பாத்தாரா, உன்னப் பாத்தாரா?" என்றாய். நான் திருச்சி பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தது அதனால்தான். அரியலூரில் இடம் காலி என்றதும் மாற்றல் கேட்டு வந்ததும் அதனால்தான். விட்டுவிட முடியாது.

உன் குப்பிகள். ஒன்றும் மூன்றும் குறை இல்லை. இரண்டாவதில் ஐந்தாம் தையல் பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ரவிக்கைக் கைக்கு மடிப்புத் தைக்கும்போது அடித்துணியும் ஊசியில் மாட்டிக்கொண்டால் கை நுழையாது, பார்த்திருப்பாய். அதேதான் இங்கேயும். வெளியே பார்த்தால் அழகான தையல், உள்ளே வழி அடைத்துவிட்டது. அது ஒருவருடைய விரலாக இருந்தால் மாலைக்குள் கறுத்திருக்கும்.

கை ஆடுவது காபியால் இல்லை. முழங்கையை அந்தரத்தில் வைக்கிறாய். மடித்த போர்வைமேல் வைத்துப் பார்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
3.3.2025

செல்வி,

போர்வை உதவியது. நன்றி.

வியாழக்கிழமை சார் போன் செய்தார். நான் கோயிலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வாலிகண்டபுரம் போயிருந்தேன். பிரகாரத்தில் நின்று எடுத்தேன். "வெற்றிச்செல்வி எப்படி இருக்காங்க? அந்தக் கையப் பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. என் இரண்டு கையும் அங்கேதான் இருந்தன, ஒன்றில் போன், ஒன்றில் தேங்காய்த் தட்டு.

உன் நான்கும் ஐந்தும் குறை இல்லை. ஆறாவதில் ஏழாம் தையல் பின்சுவரைப் பிடித்திருக்கிறது. எழுத வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விதி விதிதானே. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் வருவதுதான், மனதில் வைத்துக்கொள்ளாதே.

அறிவழகன்


அரியலூர்
10.3.2025

அறிவழகனுக்கு,

ஆறாவதில் ஏழாம் தையலா? எத்தனை முறை யோசித்தும் பிடிபடவில்லை. குழாயின் இரு முனையையும் பிடித்திருக்கும் கிளிப்பைத் திருப்பிப் போட்டபின், உப்புநீர் பீய்ச்சி வாயை விரித்து, பின்சுவர் விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊசியை விட்டேன். ஆனாலும் உள்ளே பார்த்தவன் நீ. பார்க்காத நான் வாதாடுவது சரியில்லை.

ஒன்று சொல்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை முழுதாக நம்புகிறேன். கரூரில் பேசிய வாய் வேறு, நோட்டில் எழுதும் கை வேறு.

உன் நான்கு, ஐந்து, ஆறு: குறை இல்லை.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
17.3.2025

செல்வி,

உன் ஏழு சரி. எட்டில் ஒன்று, ஒன்பதில் இரண்டு இடத்தில் பின்சுவர் மாட்டியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், வருத்தப்படாதே. அண்ணன் சோளக்காட்டில் சொட்டுநீர்க் குழாயை இணைக்கும்போது பார்த்திருக்கிறாய். அவசரக்காரன் இணைப்பை ஆழமாகச் செருகிவிடுவான். அது உள்ளே போய் நீரோட்டத்தையே மறித்துவிடும். நீ ஊசியை ஆழமாக விடுகிறாய். கொஞ்சம் மேலோட்டமாக, விளிம்பை ஒட்டிப் பிடித்துப் பார். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இங்கே வந்த ஒரு பேஷன்ட், என் பெயர்ப்பலகைக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "நீங்க வெற்றிச்செல்வி டாக்டரோட வூட்டுக்காரருங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவுங்க தைச்சா தழும்பே தெரியாதுங்களே. இங்க எப்ப வருவாங்க?" என்றார். அவருக்கு நான்தான் குடலிறக்க ஆபரேஷன் செய்து அனுப்பினேன். தழும்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அறிவழகன்


அரியலூர்
24.3.2025

அறிவழகனுக்கு,

இந்த வாரம் எனக்கு நன்றாக இல்லை.

செவ்வாய்க்கிழமை ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முந்திரித் தோப்பில் கிளை வெட்டும்போது அரிவாள் முன்கையில் பட்டிருந்தது. பெரிய குழாய்தான், தூக்கத்தில் தைக்கக்கூடிய அளவு. ஊசியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே பின்சுவர் எங்கே இருக்கிறது, மாட்டுமா, மாட்டாதா என்று மனம் ஓடுகிறது. தியேட்டர் சிஸ்டர் ஜெயசித்ரா மெதுவாக, "என்ன மேடம், யோசிக்கிறீங்க? நீங்க யோசிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றாள். முடித்துவிட்டேன். அவர் நலம். ஆனால் அந்த அரை நிமிடம் எனக்கு மறக்கவில்லை.

பத்தாவது குப்பியை நீ சொன்னபடி மேலோட்டமாகப் பிடித்துத் தைத்தேன். மனதுக்குப் பிடிக்கவில்லை. பதினொன்றையும் பன்னிரண்டையும் வேறு முறையில் தைத்திருக்கிறேன். சார் பயிற்சியில் ஒருமுறை போகிறபோக்கில் சொன்னாரே, பின்சுவரையே முதலில் தைப்பது என்று. கிளிப்பைத் திருப்பவே வேண்டாம். குழாயின் வாய் திறந்தே இருக்கும். தூரத்துச் சுவரில் தொடங்கி, இரண்டு பக்கமும் மேலேறி, முன்னால் வந்து முடிப்பது. சாக்குப் பையை உள்ளே கை விட்டுத் தைத்துக்கொண்டு வந்து, கடைசியில் வாயைக் கட்டுவது போல. முதல் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கழுத்து பிடித்துக்கொண்டது.

நன்றாகப் பார்த்துச் சொல். எந்தத் தையல் என்று எண் போட்டு எழுது. எனக்கு இது முக்கியம்.

உன் ஏழு, எட்டு, ஒன்பது: குறை இல்லை.

செல்வி


பெரம்பலூர்
31.3.2025

செல்வி,

‘செல்வி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். பார்த்தேன்.

பத்து குறை இல்லை. மேலோட்டமாகப் பிடித்தது வேலை செய்திருக்கிறது. பதினொன்றில் மூன்றாம் தையலும், பன்னிரண்டில் இரண்டாம் தையலும் எதிர்ச்சுவரைப் பிடித்திருக்கின்றன. புதிய முறை உனக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது.

ஒரு யோசனை. அவசரம் என்ன? அடுத்த வருடமும் இடம் வரும். இந்த முறை நோட்டை அனுப்பாமல் இருந்துவிடு. இத்தனை குறை எழுதிய நோட்டு சார் கைக்குப் போனால் அவர் உன்னைப் பற்றி வைத்திருக்கும் நினைப்பும் கெட்டுப்போகும். நான் உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். நீ இங்கே வந்துவிடு. இரண்டு பேரும் சேர்ந்தே பழகலாம். அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அறிவழகன்


அரியலூர்
7.4.2025

அறிவழகனுக்கு,

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து அனுப்பியிருக்கிறேன். கவனமாகப் பார்.

உன் பத்தும் பன்னிரண்டும் குறை இல்லை. உன் பதினொன்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
14.4.2025

செல்வி,

புத்தாண்டு வாழ்த்துகள். அம்மா மாங்காய்ப் பச்சடி கொடுத்தனுப்பச் சொன்னாள். ஐஸ் டப்பாவில் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்ததால் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

பதின்மூன்றும் பதினைந்தும் பரவாயில்லை, குறை இல்லை என்றே போட்டிருக்கிறேன். பதினான்கில்தான் கஷ்டம். நான்காம் தையலிலும் ஆறாம் தையலிலும் பின்சுவர் மாட்டியிருக்கிறது. இடைவெளியும் சீராக இல்லை. களைப்பாக இருந்தபோது தைத்தாயோ? இப்படி ஏற்ற இறக்கமாக இருக்கும் கையை வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போவது பற்றி இன்னொரு முறை யோசி.

அறிவழகன்


அரியலூர்
15.4.2025

அறிவழகா,

பதினான்காம் குப்பியில் இருந்தது என் தையல் இல்லை. உன்னுடையது. நீ மார்ச் 31 அன்று அனுப்பிய பதினொன்று. நான் அதைத் திறக்கவில்லை. நூலின் வால்களை மட்டும் நான் விடும் அளவுக்குக் கத்தரித்து, என் எண்ணை ஒட்டி உனக்கே திருப்பி அனுப்பினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். என் பதினொன்றில் மூன்றாம் தையல் எதிர்ச்சுவரைப் பிடித்திருக்கிறது என்று எழுதினாய். பின்சுவரை முதலில் தைக்கும் முறையில் மூன்றாம் தையல் போடும்போது குழாயின் முன்பக்கம் திறந்து கிடக்கும். மாட்டிக்கொள்ள எதிர்ச்சுவர் அருகிலேயே இருக்காது. கதவையே இன்னும் மாட்டாத வீட்டில் கதவிடுக்கில் விரல் நசுங்கியது என்று எழுதியிருந்தாய். அந்த முறையை நீ ஒரு தடவைகூடத் தைத்துப் பார்த்ததில்லை. அதனால்தான் எந்த எண்ணை எழுதினால் பொய் தெரியும் என்று உனக்குத் தெரியவில்லை.

அந்த வரியை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயசித்ராவிடம், ஒரு கூட்டாளி பொய் எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொதுவாகக் கேட்டேன். அவள், "எங்க நாத்தனார் நான் வச்ச கொழம்புல எப்பவும் உப்பு பத்தலம்பா மேடம். ஒரு நாள் அவ வச்ச கொழம்பயே என் பாத்திரத்துல ஊத்திக் குடுத்தேன். அதுலயும் உப்பு பத்தலன்னா" என்றாள்.

இப்போது எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஆறு, எட்டு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. அவை உள்ளே எப்படி இருந்தன? ஒன்றரை மாதமாக நான் என் கையை நம்பாமல் இருக்கிறேன். ஒரு மனிதர் மேஜைமேல் ரத்தம் வழியக் கிடந்தபோது உன் எழுத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். நோட்டு போக இன்னும் பதினைந்து நாள்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
17.4.2025

செல்வி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் வைத்துப் படித்தேன். பிறகு எத்தனை பேஷன்ட் பார்த்தேன் என்று தெரியவில்லை.

நீ சொல்வது சரி. எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசிப்போம். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. புது நோட்டு ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். பழையதைக் கிழித்துவிடலாம். சாருக்குத் தெரிய வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் நடந்தது குடும்பத்தோடு போகட்டும். நாம் இரண்டு பேரும் தேர்வுக்குப் போவோம். யாருக்குக் கிடைக்கிறதோ கிடைக்கட்டும்.

சரி என்று ஒரு வரி எழுது.

அறிவழகன்


அரியலூர்
19.4.2025

முடியாது.

கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டால் தாளைக் கிழிப்போமா? ஒற்றைக் கோடு போட்டு, பழைய எழுத்து தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுவோம். நோட்டிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஏன் திருத்தினாய் என்று சாருக்கு நீ எழுத வேண்டும். நான் எழுத மாட்டேன். புருஷனைக் காட்டிக்கொடுத்து இடம் வாங்கினாள் என்ற பேச்சும் எனக்கு வேண்டாம், புருஷனை மறைத்து இடத்தை விட்டாள் என்ற பேச்சும் வேண்டாம்.

நீ எழுதாவிட்டால் என் நோட்டு இப்போது இருக்கிறபடியே போகட்டும். சார் என்னைக் கூப்பிட மாட்டார். அதையும் நீ பார்த்துக்கொண்டிரு.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. உள்ளே எப்படி இருந்தன?


பெரம்பலூர்
23.4.2025

செல்வி,

ஆறு: குறை இல்லை. எட்டு: குறை இல்லை. ஒன்பது: குறை இல்லை. பதினொன்று, பன்னிரண்டு: நான் பார்த்தவற்றிலேயே மிகச் சுத்தமானவை. பன்னிரண்டில் இணைப்பு எந்த இடத்தில் என்று தேட வேண்டியிருந்தது.

பத்து: அதைத்தான் ‘குறை இல்லை’ என்று எழுதினேன். அதில்தான் குறை இருந்தது. மேலோட்டமாகப் பிடித்ததால் இரண்டு இடத்தில் விளிம்பு கிழிந்திருந்தது. அது என் புத்திமதியால் வந்தது என்பதால் எழுத மனம் வரவில்லை. அந்தப் புத்திமதியும் பொய். நான் அப்படித் தைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கோடு போட்டுத் திருத்திவிட்டேன். உன் நோட்டை இன்று காலை கோவைக்கு அனுப்பினேன். சாருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். என் பெயரை இந்த வருடம் எடுத்துவிடும்படியும் கேட்டிருக்கிறேன். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு முறையும் ‘மன உளைச்சலால்’ என்று ஒரு சொல் தானாக வந்து உட்கார்ந்தது. மூன்றாவதில் அதை எடுத்துவிட்டு, ‘பொறாமையால்’ என்று எழுதினேன்.

கரூரில் கேட்டதும் அதுதான். உன்னைப் பார்த்தார் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. கையைத்தான் பார்த்தார் என்றால், நான் அந்தக் கைக்கு எப்போதும் பின்னால்தான். அதனால் முதலாவதை நம்பப் பார்த்தேன். உன்னை அசிங்கப்படுத்தி அதை நம்பப் பார்த்தேன்.

பதினான்காம் குப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறந்து விளக்கின் அடியில் விரித்தேன். எட்டுத் தையலும் உள்ளே பளபளவென்று, விளிம்போடு விளிம்பு சேர்ந்து இருந்தன. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வயிறு எரிந்தது. இவள் மாதிரி நான் எந்த ஜென்மத்தில் தைக்கப்போகிறேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, நான்கிலும் ஆறிலும் குறை என்று எழுதினேன். அது என் கை என்று இப்போது தெரிகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை, செல்வி. நான் தைத்தவற்றில் அதுதான் ஒழுங்கானது, அதையும் நானே பழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அவ தைச்சதுன்னு நெனச்சுப் பாத்தப்பதான் ஒனக்கு ஒன்னோடது அழகாத் தெரிஞ்சிச்சாடா?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெட்டியை நீயே வைத்துக்கொள். தேர்வு வரை உனக்குத்தான் வேண்டும்.

அறிவழகன்


அரியலூர்
26.5.2025

அறிவு,

நேற்றுதான் கோவையிலிருந்து திரும்பினேன். தேர்வு வெள்ளிக்கிழமை நடந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு மேஜை.

மூடியிருந்த துணியை எடுத்ததும் பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிட்டது. குழாயை ஒரு பள்ளத்துக்குள் பதித்து வைத்திருந்தார்கள். ஆழத்தில், எலும்பை ஒட்டி இருக்கிற மாதிரி. கிளிப்பைத் திருப்ப இடமே இல்லை. என் பக்கத்து மேஜைக்காரர் இரண்டு முறை திருப்பப் பார்த்து, குழாயைக் கிழித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பின்சுவரிலிருந்து தொடங்கினேன். நாற்பது நிமிடம். மேற்பார்வைக்கு வந்த டாக்டர் நர்மதா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த முறைய எப்ப பழகுனீங்க?" என்றார். மார்ச்சில் என்றேன். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

உன்னால் என்று சொல்ல நாக்கு எழவில்லை. உன்னால் இல்லை என்று சொல்லவும் எழவில்லை. நானே என்றேன். நீ பொய் எழுதியிருக்காவிட்டால் நான் பழைய முறையிலேயே இருந்திருப்பேன், பள்ளத்தைப் பார்த்து நானும் கையைக் கட்டியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. ஒருவன் வீட்டுக்குத் தீ வைத்து, ஓடிய ஓட்டத்தில் அவனுக்குக் கால் பலம் வந்தால், வைத்தவனுக்கு மாலை போட முடியுமா?

இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஜூலை முதல் தேதி சேர வேண்டும்.

சாரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். என் முகம் அவருக்கு நினைவே இல்லை. நாள் முழுக்க "எட்டாம் மேஜை" என்றுதான் கூப்பிட்டார். கை கழுவும்போதுதான், "அட, நீங்கதான் வெற்றிச்செல்வியா?" என்றார், அதுவும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே.

முடிவு சொன்னபின் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். என் தையலைப் பற்றிப் பேசப்போகிறார் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் பையிலிருந்து எடுத்தது உன் கடிதத்தை. பெயர் சொல்லவில்லை. "முப்பது வருஷமா நோட்டு திருத்துறேன். பொறாமைல பொய் எழுதினேன்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்து இப்பதான் பாக்குறேன். இவரு அடுத்த வருஷம் வரணும். வேற கூட்டாளியோட வரணும். ஆனா வரணும்" என்றார். கால் மணி நேரம் உன்னைப் பற்றியே பேசினார். பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை. இடம் கிடைத்தது யாருக்கு என்பதையே மறந்துவிட்டு, எல்லோரும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். திருச்சி வரும் வரை அது உன்மேல் இருக்கும் பழைய கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை.

சனிக்கிழமை பெரம்பலூர் வருகிறேன். அத்தையைப் பார்க்க வேண்டும், சாமான்களை எடுக்க வேண்டும். உன்னோடு பேசுவேனா, எவ்வளவு பேசுவேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. இனிமேல் என்மேல் பொறாமை வந்தால் வந்த அன்றைக்கே சொல்லிவிடு. நோட்டில் எழுதாதே, சாரை இழுக்காதே, என் முகத்தைப் பார்த்துச் சொல். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தக் கால் மணி நேரமும், எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது.

செல்வி